மஞ்சள் கோடும் கண்ணாடிக் கதவும்

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை மாணவன்)



சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் அண்ணன் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, எங்கள் வகுப்பில் பதினோரு பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. கணக்கு கொஞ்சம் வரும். ஆகவே நாம் தினமும் நின்றுவிட்டுப் போகிற ஓர் இடத்தைப் பற்றி, ரயில்வே பிளாட்பாரத்தைப் பற்றி, கொஞ்சம் கணக்கோடு எழுதுகிறேன்.

இதில் எனக்கு ஆர்வம் வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு சாயங்காலம், வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் ஏறினேன். வலது கால் படியில், இடது கால் காற்றில். செருப்பு நழுவிப் பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே விழுந்தது. அதன் பின்னாலேயே காலும் போயிருக்கும். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். "படிக்கிற பிள்ளைதானே நீ?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எந்த ஸ்டேஷன் என்பது இங்கே முக்கியம் இல்லை. தப்பு என்னுடையது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது, அந்த இடைவெளி எத்தனை சென்டிமீட்டர் இருக்கும் என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது.

நம் அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுக்கோட்டிலிருந்து பிளாட்பாரத்தின் விளிம்பு 1670 முதல் 1680 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது ரயில்வே அளவு விதி. சாதாரண எக்ஸ்பிரஸ் பெட்டியின் அகலம் 3245 மில்லிமீட்டர். பாதி போட்டால் சுமார் 1622. கழித்துப் பாருங்கள், ஐந்து ஆறு சென்டிமீட்டர்தான் மிச்சம். அப்புறம் என் செருப்பு எப்படிப் போனது? பெட்டியின் உடம்பு விரிந்திருக்கிற அளவுக்குக் கால் வைக்கிற படி விரிந்திருப்பதில்லை, அது சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. வளைவில் அமைந்த பிளாட்பாரம் என்றால் இடைவெளி இன்னும் கூடும். உயரமும் இருக்கிறது. உயர்மட்டப் பிளாட்பாரம் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர். பெட்டியின் தரை சுமார் 1300 மில்லிமீட்டர். வித்தியாசம் 46 சென்டிமீட்டருக்குக் குறையாது. வீட்டு மாடிப்படி மூன்றை ஒரே எட்டில் ஏறுகிற மாதிரி. அதுவும் நகர்கிற வண்டியில். நம் பாட்டிமார்கள் இரண்டு கையிலும் பையோடு இதில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

இன்னொரு கணக்கு. பிளாட்பார விளிம்பிலிருந்து ஒருவர் தவறி விழுகிறார். 84 சென்டிமீட்டர் விழ எவ்வளவு நேரம்? முதல் வருட இயற்பியல் சூத்திரம்தான், 0.41 விநாடி வருகிறது. கண் இமைத்து முடிப்பதற்குள் தண்டவாளத்தில் கிடப்பார். அப்போது ஒரு வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிளாட்பாரத்துக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது விநாடிக்கு 11 மீட்டர். எஞ்சின் ஓட்டுபவர் அந்தக் கணமே எமர்ஜென்சி பிரேக் போட்டாலும், விநாடிக்கு 0.8 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நிற்க 77 மீட்டர் வேண்டும். மூன்று பெட்டி நீளத்துக்கும் அதிகம். ஆகவே "டிரைவர் பார்த்து நிறுத்தியிருக்கலாமே" என்று டீக்கடையில் பேசுகிற பேச்சு வெறும் பேச்சு. விழுந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். விழாமல் தடுப்பது ஒன்றுதான் வழி.

அதற்கு நம் ஊர்களில் இருக்கிற ஒரே சாதனம் மஞ்சள் கோடு. சில இடங்களில் வெறும் பெயின்ட். சில இடங்களில் மேடு மேடாகப் புள்ளி வைத்த மஞ்சள் ஓடு. அந்தப் புள்ளி ஓடு அழகுக்காகப் பதித்தது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கண் தெரியாதவர்கள் காலாலும் கைத்தடியாலும் விளிம்பைத் தெரிந்துகொள்வதற்காக 1965-ல் ஜப்பானில் செய்ச்சி மியாக்கே என்பவர் உருவாக்கியது அது. 1967 மார்ச் 18-ல் ஒக்காயாமா நகரத்துத் தெருவில்தான் முதன்முதல் பதித்தார்கள். ஜப்பானில் பார்வையற்றவர்கள் பிளாட்பாரத்தைக் கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம் என்று சொல்வது வழக்கமாம். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்க. நாம் அந்த ஓட்டின் மேல்தான் மூட்டையை இறக்கி வைக்கிறோம், அதன் மேலேயே உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிறோம்.

கோட்டுக்கு உள்ளே நிற்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் காற்று. நிற்காமல் போகிற வண்டி பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். உடம்பின் மேல் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று மோதினால் ஒரு சதுர மீட்டருக்கு 60 நியூட்டன். ஓர் ஆளின் பரப்பு 0.6 சதுர மீட்டர் என்றால் 36 நியூட்டன், அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல் ஒரு தள்ளு. பெரிய ஆளை இது சாய்க்காது. ஐந்து வயதுக் குழந்தையையோ, தோளில் துண்டு பறக்க விளிம்பில் எட்டிப் பார்க்கிற தாத்தாவையோ தடுமாற வைக்கும்.

கதவு வைத்த பிளாட்பாரம்

மஞ்சள் கோடு என்பது வேண்டுகோள். மனிதன் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. அதனால்தான் பிளாட்பார விளிம்பில் சுவரே எழுப்பி, ரயில் வந்து நின்ற பிறகு மட்டும் திறக்கிற கதவு வைத்தால் என்ன என்ற யோசனை வந்தது. 1961-ல் லெனின்கிராடு சுரங்க ரயிலில் இதை முதலில் செய்தார்கள். லிஃப்ட் கதவு மாதிரிதான், சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் வருவதே தெரியாது. 1983-ல் பிரான்ஸில் லீல் நகரத்தின் ஆளில்லா ரயிலுக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. 1987 நவம்பரில் சிங்கப்பூர் ரயில் ஓட ஆரம்பித்தபோது, சுரங்க நிலையங்கள் அனைத்திலும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடித் தடுப்பு. நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஊர், ரயில் அறிவிப்பு தமிழிலும் வரும். அங்கே கதவு வைத்ததற்குப் பாதுகாப்பு மட்டும் காரணம் இல்லை. பிளாட்பாரத்து ஏ.சி. குளிர் சுரங்கத்துக்குள் ஓடிப்போகாமல் இருக்கவும்தான். மேம்பாலத்தில் இருக்கிற திறந்த நிலையங்களுக்கு இடுப்புயரத்துக்கு மேற்பட்ட அரைக் கதவு வர 2012 ஆனது. ஏ.சி. மிச்சம் சீக்கிரம் வந்தது, ஆள் மிச்சம் இருபத்தைந்து வருடம் கழித்து வந்தது என்று எனக்குத் தோன்றியது. இது என் சொந்தக் கருத்து.

நம் மாநிலத்தில் சென்னை மெட்ரோ. கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை 2015 ஜூன் 29-ல் ஓட ஆரம்பித்தது. சுரங்கப் பகுதி, திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை, 2017 மே 14-ல் திறந்தது. சுரங்க நிலையங்களில் முழு உயரக் கண்ணாடிக் கதவு உண்டு. முதல் கட்டத்து மேம்பால நிலையங்களில் இல்லை, அங்கே மறுபடியும் மஞ்சள் கோடுதான். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். ஓட்டுநர் இல்லாத ரயிலுக்காகத் திட்டமிட்டிருப்பதால் தடுப்புக் கதவும் அதன் ஒரு பாகம்.

இந்தக் கதவு வேலை செய்கிற விதத்தை எங்க அப்பாவிடம் விளக்கப் போய், அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். அப்பா பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் எல்லோருக்கும் தெரியும், கிடைத்தும் பட்டறைகள் குறைந்துகொண்டே போவதும் தெரியும். நான் இப்படிச் சொன்னேன்: ரயில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் வந்து, தன் கதவும் பிளாட்பாரக் கதவும் நேருக்கு நேர் வருகிற மாதிரி சில சென்டிமீட்டர் பிசகுக்குள் நிற்கும். சரியாக நின்றது என்ற சிக்னல் போன பிறகுதான் இரண்டும் சேர்ந்து திறக்கும். மூடும்போது ஒவ்வொரு கதவும் மூடிப் பூட்டிக்கொண்டது என்று ஒரு மின்சுற்று சொல்ல வேண்டும். எல்லாக் கதவின் காண்டாக்டும் வரிசையாக, சீரீஸ் இணைப்பில் இருக்கும். ஒரு கதவு மூடாவிட்டாலும் சுற்று முழுமை அடையாது, ரயில் கிளம்ப அனுமதி கிடைக்காது.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அட, பூட்டினால்தான் சாவி கழன்று வரும் பூட்டு மாதிரி சொல்றே. திறந்து கிடந்தா சாவி உள்ளேயே மாட்டிக்கும். சாவி கையில வந்தாத்தான் வீட்டை விட்டுக் கிளம்பலாம்" என்றார். இன்டர்லாக் என்று பாடப்புத்தகம் ஒன்றரைப் பக்கம் சொல்வதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

நம் துறை மாணவர்களுக்காக இன்னும் இரண்டு விஷயம். கதவை இழுப்பது ஒரு சிறிய மோட்டாரும் பெல்ட்டும்தான். ஒவ்வொரு கதவுக்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. இடையில் கை, பை எது மாட்டினாலும் மின்னோட்டம் கூடுவதை வைத்துத் தெரிந்துகொண்டு கதவு மறுபடி திறக்கும். மூடுகிற விசை பொதுவாக 150 நியூட்டன் அளவுக்குள்தான் வைப்பார்கள், சுமார் 15 கிலோ. இரண்டாவது, மின்சார ரயிலில் தண்டவாளமே ரிட்டர்ன் கம்பி. ரயில் உடம்புக்கும் பூமிக்கும் இடையே சில சமயம் மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். ஒரு காலைப் பிளாட்பாரத்தில் வைத்து ஒரு கையால் ரயிலைத் தொடுகிறவருக்கு அதிர்ச்சி வராமல் இருக்க, கதவுச் சட்டத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இன்சுலேஷன் கொடுப்பார்கள். 

பரங்கிமலை

இவ்வளவு நல்ல கதவை எல்லா ஸ்டேஷனிலும் வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பரங்கிமலையைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே மின்சார ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மெட்ரோவில் கதவு மூடாமல் வண்டி நகராது. பக்கத்திலேயே கதவைத் திறந்து போட்டபடி ஓடுகிற மின்சார ரயில்.

2018 ஜூலை 24 காலை, கடற்கரையிலிருந்து திருமால்பூர் போன மின்சார ரயில் வழக்கமான பாதையை விட்டு விரைவுப் பாதையில் திருப்பிவிடப்பட்டது. உள்ளே இடம் இல்லாமல் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பரங்கிமலை நிலையத்தில் கான்கிரீட் தடுப்புச் சுவரில் மோதினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மின்சார ரயில் பெட்டியின் அகலம் சுமார் 3.66 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து 1.83 மீட்டர். அதில் தொங்குகிற ஒருவரும் அவர் முதுகில் பையும் சேர்ந்தால் இன்னும் அரை மீட்டர் வெளியே. ரயிலுக்கு விட்ட இடைவெளி ரயிலுக்குப் போதும், தொங்குகிற ஆளுக்குப் போதாது. அதைக் கணக்குப் போட்டு யாரும் சுவர் கட்டுவதில்லை. தடுப்பு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது காப்பாற்றாது, எங்கே நிற்கிறது என்பதும் இருக்கிறது.

அதே நிலையத்தில் 2022 அக்டோபர் 13-ல், ரயிலுக்காக நின்றிருந்த ஒரு கல்லூரி மாணவி, வந்துகொண்டிருந்த மின்சார ரயில் முன்னால் தள்ளிவிடப்பட்டு இறந்தார். நம் வயதுப் பெண். அவர் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. மஞ்சள் கோட்டால் என்ன செய்ய முடியும்? அங்கே ஒரு கதவு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கதவு வைப்பதில் உள்ள சிக்கல் பணம் மட்டும் இல்லை, அளவும்தான். மெட்ரோவில் எல்லா ரயிலும் ஒரே அச்சு. நம் பாதையில் ஐ.சி.எஃப். பழைய பெட்டி சுமார் 22.3 மீட்டர், எல்.எச்.பி. புதுப் பெட்டி 24 மீட்டர். ஒரு பெட்டிக்கு 1.7 மீட்டர் வித்தியாசம். இருபது பெட்டி வண்டியில் கடைசிப் பெட்டியின் வாசல் 34 மீட்டர் தள்ளிப் போய்விடும். வந்தே பாரத் வாசல் இன்னொரு இடம். எந்த இடத்தில் கதவு வைப்பீர்கள்? ஜப்பானில் இதற்கும் வழி பார்த்திருக்கிறார்கள். சில நிலையங்களில் கதவுக்குப் பதில் குறுக்கே கயிறுகள், வண்டி நின்றதும் மொத்தமாக மேலே எழும்பும். ஒசாகா நிலையத்தில் 2023 மார்ச்சில் வந்த புது வகையில் கண்ணாடித் தடுப்பே பக்கவாட்டில் நகர்ந்து, வந்து நிற்கிற ரயிலுக்கு ஏற்ற இடத்தில் வாசல் திறக்கிறது. அங்கேயும் சும்மா வரவில்லை. 2001 ஜனவரி 26-ல் டோக்கியோவின் ஷின்-ஒகுபோ நிலையத்தில் தண்டவாளத்தில் விழுந்த ஒருவரைக் காப்பாற்ற ஒரு கொரிய மாணவரும் ஒரு ஜப்பானியப் புகைப்படக்காரரும் குதித்தார்கள். மூவருமே இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பிளாட்பாரக் கதவு பற்றிய பேச்சு அந்த நாட்டில் சூடு பிடித்தது.

திண்டுக்கல் சந்திப்புக்குக் கண்ணாடிக் கதவு வரும் என்று நான் கனவு காணவில்லை. மதுரை, திருச்சி, கரூர், பழனி என்று நான்கு பக்கமும் வண்டி போகிற இடம். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் பழனிக் கூட்டம் வேறு. இங்கே ஆபத்து எதில் இருக்கிறது என்று கவனித்துப் பார்த்தேன். முன்பதிவு இல்லாத பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் முன் கோடியிலும் பின் கோடியிலும் இருக்கும். வண்டி நிற்பதோ சில நிமிடம். நடுவில் நிற்கிற குடும்பம் ஒன்று, மூட்டை, குழந்தை, தண்ணிக்குடத்தோடு, வண்டி வந்த பிறகு விளிம்பை ஒட்டி ஓடுகிறது. அந்த ஓட்டத்தை நிறுத்தினாலே பாதி ஆபத்து போய்விடும். பெட்டி எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தெளிவாக அறிவித்தால் போதும். அதற்குக் கண்ணாடி வேண்டாம், ஒலிபெருக்கி போதும்.

இன்னொன்று நம்மைப் பற்றியது. கோபித்துக்கொள்ளக் கூடாது. பாசஞ்சரில் வருகிற நம் பையன்கள் எத்தனை பேர் மேம்பாலம் ஏறுகிறோம்? மறுபக்கம் குதித்துத் தண்டவாளம் தாண்டினால் நாலு நிமிடம் மிச்சம். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி இதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஃபுட்போர்டு பயணத்துக்குப் பிரிவு 156. அனில் ககோட்கர் குழு 2012-ல் கொடுத்த அறிக்கையில், தண்டவாளத்தில் அத்துமீறி நடந்து வருடத்துக்குச் சுமார் 15,000 பேர் இறக்கிறார்கள் என்றும், அதில் சுமார் 6,000 பேர் மும்பை புறநகர்ப் பாதையில் என்றும் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஏறும்போதோ இறங்கும்போதோ தவறி விழுந்தாலும் இழப்பீடு கேட்க உரிமை உண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. படிக்காதவர்கள் "நம்ம தப்புதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அவசர உதவிக்கு எண் 139.

கதவுக்குப் பின்னால் நிற்பவன்

கடைசியாக எழுத வேண்டியதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் டிப்ளமோ படிக்கிற நமக்கு இதுதான் முக்கியம்.

தென் கொரியாவில் சியோல் நகரம் தன் சுரங்க ரயில் நிலையங்களில் 2009-க்குள் இந்தக் கதவுகளை வைத்து முடித்தது. தண்டவாளத்தில் விழுந்து சாகிறவர்கள் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. கதவு ஆயிரக்கணக்கில் என்றால் பழுதும் தினம் தினம் வரும். சரிபார்க்கும் வேலை ஒப்பந்தக் கம்பெனியிடம். 2016 மே 28-ல் குய் என்ற நிலையத்தில் ஒரு கதவு பழுது. சரிசெய்யப் போன பையனுக்கு வயது 19. தொழிற்கல்விப் பள்ளி முடித்து நேராக வேலைக்கு வந்தவன். தண்டவாளப் பக்கம் வேலை என்றால் இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி: ஒருவர் வேலை பார்க்க, ஒருவர் ரயில் வருகிறதா என்று பார்க்க. ஆள் பற்றாக்குறை. அவன் தனியாகத்தான் போனான். ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கதவுக்கும் ரயிலுக்கும் நடுவே சிக்கி இறந்துபோனான். பயணிகளைக் காக்க வைத்த கதவு அது. அவன் பையில் வேலைக் கருவிகளோடு ஒரு கப் நூடுல்ஸும் இருந்தது, சாப்பிட நேரம் இல்லாமல் வைத்திருந்தது. மக்கள் அந்த நிலையத்துக்கு வந்து கதவு முழுக்கச் சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்போ சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

நம் லேபில் மெயினை ஆஃப் செய்து, ஃப்யூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வயரில் கை வைக்க வேண்டும் என்று சார் முதல் நாளே சொன்னார். நாம் சிரித்தோம். சாவி யாரிடம் என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பைதான். சென்னையில் இரண்டாம் கட்டம் ஓட ஆரம்பித்ததும் அந்தக் கதவுகளைத் தினமும் கழற்றி மாட்டப் போகிறவர்கள் டிப்ளமோக்காரர்கள்தான். நம்மில் சிலர் அங்கே போவோம். நேர்முகத் தேர்வில் சம்பளத்தோடு சேர்த்து, ராத்திரி ஷிஃப்டில் ஒரு கதவுக்கு எத்தனை பேர், வேலை நடக்கும்போது தண்டவாளத்தை நிறுத்தி வைப்பது யார் பொறுப்பு என்பதையும் கேட்க வேண்டும் என்று நான் குறித்து வைத்திருக்கிறேன்.

மேலே போட்ட கணக்குகளில் பிழை இருந்தால் எலக்ட்ரிக்கல் 'பி' பிரிவில் வந்து சொல்லுங்கள். காற்று விசைக் கணக்கில் 0.6 சதுர மீட்டர் என்பது என் உயரத்தை வைத்து நானாகப் போட்டது. மெக்கானிக்கல் நண்பர்கள் யாராவது சரியான எண் சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.